எத்தனையாவது பிள்ளை

ராஜகீழ்ப்பாக்கத்தில் பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதலில் செருப்பை மாட்டுவது மெஹர் பானுதான். நோயாளி அதற்குப் பிறகுதான் மாட்டுவார். எதிர்வீட்டு ரத்தினபாய் டீச்சரின் முட்டிவலிக்கும், பக்கத்து வீட்டு வேதாவின் தைராய்டுக்கும், அந்தத் தெருவில் உண்டான அத்தனை பெண்களின் முதல் ஸ்கேனுக்கும் துணை போனவள் அவள். கையில் ஒரு துணிப்பை இருக்கும். அதில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், ஏ.சி. குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பழைய துப்பட்டா. ஆஸ்பத்திரி என்றால் ஊரில் எல்லாருக்கும் பயம். மெஹர் பானுவுக்கு மட்டும் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற சுறுசுறுப்பு வந்துவிடும்.

வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தைப்பாள். கணவர் அத்தாவுல்லாவுக்குக் குரோம்பேட்டையில் மெத்தை, தலையணைக் கடை. மகன் ஷாகுல் ஏ.சி. மெக்கானிக். மகள் கல்யாணமாகி ஷார்ஜாவில் இருக்கிறாள். போன மாதம் தைத்த சுடிதார் மார்பில் பிடிக்கிறது என்று எந்தப் பெண்ணாவது வந்து நின்றால், தையலைப் பிரிப்பதற்கு முன்னால் மெஹர் பானு கேட்பது ஒன்றுதான்: "நாள் தள்ளிப் போயிருக்கா?" பாதிப் பேருக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். உள்ளே இருப்பது இன்னும் ஒரு பயறு அளவுகூட ஆகியிருக்காது. அதற்குள் உடம்பு பால் கொடுக்க இடம் ஒதுக்க ஆரம்பித்துவிடுகிறது, தையல்காரிக்கு அது இஞ்ச் டேப்பில் தெரிகிறது.

அவளிடம் குறை என்று சொன்னால், டாக்டர் கேட்கிற கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிடுவாள். பசி எடுக்கிறதா என்று நோயாளியைக் கேட்டால், "எங்க டாக்டர், ரெண்டு இட்லிக்கு மேல இறங்க மாட்டேங்குது" என்பாள். தூக்கம், மலச்சிக்கல், கடைசியாக விலக்காகிக் குளித்த தேதி எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். கிழக்குத் தாம்பரத்தில் பிரசவம் பார்க்கிற டாக்டர் ஜெரூஷா ஒருமுறை பொறுக்க முடியாமல், "மெஹர்ம்மா, வயிறு அவங்களோடது. பதிலும் அவங்களே சொல்லட்டுமே" என்றார். மெஹர் பானு சிரித்துக்கொண்டே, "சொல்லட்டும் டாக்டர், நான் வேணாம்னா சொன்னேன்" என்றாள். அடுத்த கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள்.

இப்படி ஊரறிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், ஒரே ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் போனாள். அதுவும் சொந்த மருமகளை அழைத்துக்கொண்டு.

ஷாகுலின் மனைவி ஃபரா பேச்சு குறைந்தவள். தாயை இழந்த பெண் என்பதால் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு என்ற பேச்சே இல்லை, மாமியார்தான் எல்லாம். கல்யாணமான மறு வருஷம் உண்டாகி, நான்காம் மாதத்தில் ஒரு காலையில் ரத்தம் பட்டது. பழக்கமான டாக்டரிடம் போனால் வழியெல்லாம் தெரிந்த முகம். மெஹர் பானு ஆட்டோவை நேர் எதிர்ப்பக்கம், வேளச்சேரி வழியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு விடச் சொன்னாள். அங்கே ஸ்கேன் பார்த்தார்கள். குழந்தையின் இதயம் நின்றுபோயிருந்தது. சுத்தம் பண்ணி அனுப்பும்போது ஒரு நர்ஸ், "ரத்த குரூப் என்னன்னு பார்த்துட்டு நாளைக்கே வாங்கம்மா. நெகட்டிவ்னா ஒரு ஊசி போடணும், தள்ளிப் போடக்கூடாது" என்று சொன்னாள்.

தெருவில் இறங்கியபோதே வேதா மாடியிலிருந்து, "எங்க அக்கா மாமியாரும் மருமகளுமா?" என்று கேட்டுவிட்டாள். துணி எடுக்கப் போனோம் என்று சொல்லியாகிவிட்டது. மறுநாளும் கிளம்பினால் என்ன சொல்வது? மெஹர் பானு போகவில்லை. கர்ப்பம் தங்காதவள் என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வந்துவிட்டால் அது எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெயரிலிருந்து ஃபராவைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்து, தலையைத் தடவி, "இது கணக்குல சேராதும்மா. அடுத்து வர்றதுதான் தலைச்சன்" என்றாள். ஃபரா தலையாட்டினாள். ஷாகுலும் அத்தாவுல்லாவும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஃபரா மறுபடி உண்டானாள். இந்தத் தடவை மசக்கை படுத்தி எடுத்தது. தாளிக்கிற வாசனை வந்தாலே ஓடுவாள். மெஹர் பானுவுக்கு அதில் ஒரு திருப்தி. வாந்தி நன்றாக எடுத்தால் கரு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என்பாள். துணிப்பையோடு, நேர் வழியில், டாக்டர் ஜெரூஷாவிடமே அழைத்துப் போனாள்.

"முதல் பிரசவமா?" என்று டாக்டர் ஃபராவைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா டாக்டர், தலைச்சன்" என்றாள் மெஹர் பானு.

ஃபரா மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தப் பரிசோதனையில் ஃபராவுக்கு ஓ நெகட்டிவ் என்று வந்தது. ஷாகுலுக்கு பி பாசிட்டிவ். டாக்டர் இன்னொரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதன் முடிவு வந்த அன்று அவர் வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை.

"பாசிட்டிவ் ரத்தத்தை எதிர்க்கிற ஒரு பொருள் ஃபரா உடம்புல உருவாகியிருக்கு. முன்னாடி எப்பவாவது பாசிட்டிவ் ரத்தம் உள்ள போயிருந்தாத்தான் இது வரும். ரத்தம் ஏத்தியிருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லியே" என்றாள் மெஹர் பானு.

டாக்டர் யோசித்தார். "அளவு கம்மியாத்தான் இருக்கு. தலைச்சன்ல இது வர்றது அபூர்வம். லேப்ல ஏதாவது குழப்பமாக்கூட இருக்கலாம். அடுத்த மாசம் திரும்ப எடுத்துப் பார்ப்போம், பயப்படாதீங்க."

லேபில் குழப்பம். அந்த இரண்டு சொற்களையும் மெஹர் பானு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஃபராவிடம் நீட்டினாள். லேப்காரர்களைக் குறை சொல்லிக்கொண்டே ஆட்டோ ஏறினாள். தெருவுக்குப் பழக்கமான சக்திவேல்தான் ஓட்டினான். கேம்ப் ரோடு நெரிசலில் வண்டி நின்றபோது, ஃபரா மெல்லக் கேட்டாள்.

"மாமி, ரத்தத்துக்கு ஞாபகம் இருக்குமா?"

மெஹர் பானுவுக்குப் பதில் வராமல் போன கேள்வி அந்த வட்டாரத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. ஃபரா பிஸ்கட்டைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது. இந்தப் பெண் ஆயுசுக்கும் என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டாள் என்று மெஹர் பானுவுக்கு அப்போது புரிந்தது. டாக்டர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்ல மாட்டாள். மாமி தலைச்சன் என்று சொன்னால் அவளுக்கும் தலைச்சன்தான். அந்த விசுவாசத்தை நினைத்து மெஹர் பானுவுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"சக்தி, வண்டியத் திருப்புப்பா."

"இன்னாக்கா, இப்பதான ஏறினீங்க. எதுனா மறந்துட்டீங்களா?"

"ஆமா. ஒண்ண மறந்துட்டேன்."

டாக்டர் ஜெரூஷா அடுத்த நோயாளியை அனுப்பிவிட்டு இவர்களை உட்கார வைத்தார். மெஹர் பானு உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள், வேளச்சேரிப் பக்கம் போனது, சுத்தம் பண்ணியது, நர்ஸ் ஊசி என்று சொன்னது, தான் திரும்பிப் போகாதது எல்லாவற்றையும். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மெஹர் பானுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாம எல்லாரும் அம்மா ரத்தம்தான் பிள்ளைக்குள்ள ஓடுதுன்னு நினைக்கிறோம்" என்று டாக்டர் ஆரம்பித்தார். "அப்படி இல்ல. ரெண்டும் வேற வேற ரத்தம். நடுவுல நஞ்சுக்கொடி இருக்கில்லையா, அது ஒரு சுவர் மாதிரி. அது வழியா சாப்பாடு போகும், ஆக்சிஜன் போகும், கழிவு வெளியே வரும். ரத்தம் மட்டும் கலக்காது. ஆனா பிரசவத்திலயோ, கலையும்போதோ அந்தச் சுவர் பிச்சுக்கிட்டு வரும். அப்ப பிள்ளையோட ரத்தம் துளியாவது அம்மாவுக்குள்ள போயிடலாம். அந்தப் பிள்ளை பாசிட்டிவ், ஃபரா நெகட்டிவ். ஃபரா உடம்பு அதை வேத்து ஆளுன்னு நினைச்சு, எதிர்க்கப் பழகிடுச்சு."

"இந்தப் பிள்ளைய என்ன செய்யும்?" என்று கேட்டது ஃபரா. டாக்டரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"அந்த எதிர்ப்புப் பொருள் ரொம்பச் சின்னது, சுவரைத் தாண்டிப் போயிடும். இந்தப் பிள்ளையும் பாசிட்டிவா இருந்தா, அதோட ரத்த அணுக்களை உடைக்கும். சோகை வரலாம், மஞ்சள் காமாலை வரலாம். சில பிள்ளைங்களுக்கு ரொம்பக் கடுமையா வரும். ஆனா முன்கூட்டியே தெரிஞ்சா பார்த்துக்க வழி இருக்கு. இப்ப தெரிஞ்சிடுச்சு."

"அன்னிக்கு அந்த ஊசியப் போட்டிருந்தா?" என்றாள் மெஹர் பானு.

"பெரும்பாலும் இது வந்திருக்காது."

"இப்பப் போட்டா?"

"உடம்பு பழகினதுக்கு அப்புறம் அந்த ஊசியால பிரயோஜனம் இல்லம்மா."

மெஹர் பானு பையிலிருந்த துப்பட்டாவை எடுத்து ஃபராவின் தோளில் போர்த்தினாள். அறையில் குளிரே இல்லை.

அதற்குப் பிறகு குரோம்பேட்டையில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டருக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. பிள்ளையின் மூளைக்கு ரத்தம் ஓடுகிற வேகத்தை அங்கே அளந்தார்கள். அணுக்கள் குறைந்து ரத்தம் நீர்த்துப் போனால் வேகம் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழம்பைவிட ரசம் வேகமாக ஓடுகிற மாதிரி. அன்றிலிருந்து மெஹர் பானு ரசம் வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் பருப்பைக் கூடவே போட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கும் தெரியும். "ரசம் சாம்பார் மாதிரி இருக்கு" என்று அத்தாவுல்லா சொன்னபோது, பேசாமல் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஸ்கேன் சென்டர் பெஞ்சில் கூப்பிடுவதற்குக் காத்திருந்த ஒரு மதியம், ஃபரா தானாகவே பேசினாள்.

"நீங்க எனக்காகத்தான் மறைச்சீங்கன்னு தெரியும் மாமி. எனக்குக் கோபம் இல்ல. ஆனா, கணக்குல சேராதுன்னு சொன்னீங்கல்ல. அப்ப நான் எதுக்கு அழறேன்னு எனக்கே தெரியாமப் போச்சு. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன்."

மெஹர் பானு பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். ஷாகுலுக்கும் அவன் தங்கைக்கும் நடுவில் ஒன்று இருந்தது. ஐந்தாம் மாதம். உள்ளே அசைய ஆரம்பித்துவிட்டது. தண்ணீருக்குள் மீன் திரும்புகிற மாதிரி. ஒரு வாரம் அதை அனுபவித்தாள், அப்புறம் போய்விட்டது. அப்போது அவளுடைய மாமியார், பிறக்காதது கணக்கில் சேராது என்றார். இவளும் சரி என்று எழுந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாராவது எத்தினி பிள்ளைங்கன்னு கேட்டா, வாய் ஒரு நொடி நிக்கும். அப்புறம் ரெண்டுன்னு சொல்லிடுவேன்" என்றாள். "நீ கவனிச்சிருக்க மாட்ட."

"கவனிச்சிருக்கேன் மாமி" என்றாள் ஃபரா. "திக்குதோன்னு நினைச்சேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டாம் மாதம் வரை வேகம் கட்டுக்குள் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும், இனி உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று டாக்டர் ஜெரூஷா முடிவெடுத்தார். பிறந்த பிள்ளைகளுக்கு ரத்தம் ஏற்ற வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்து, மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். டாக்டர் ஜெரூஷாவும் அங்கே வந்து பார்க்கிறவர் என்பதால் முகம் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார்.

காலையில் ஏற்றிய மருந்துக்கு மதிய லுஹர் பாங்கு சொல்கிற நேரத்தில்தான் உடம்பு அசைந்து கொடுத்தது. இடுப்பைச் சுற்றி ஒரு இறுக்கம் வரும், உச்சிக்குப் போகும், இறங்கும். அடுத்தது கொஞ்சம் சீக்கிரம் வரும், கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஒவ்வொரு இறுக்கத்திலும் கர்ப்பப்பையின் வாய் கொஞ்சம் திறக்கும், பிள்ளையின் தலை கொஞ்சம் இறங்கும். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள் என்பதால் மெஹர் பானு தலைமாட்டில் நின்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புது நர்ஸ் ஒருத்தி உள்ளே வந்து, கையுறையை மாட்டிக்கொண்டே, "தலைச்சனா?" என்று கேட்டாள்.

டாக்டர் ஜெரூஷா நிமிர்ந்து மெஹர் பானுவைப் பார்த்தார். மெஹர் பானு வாயை இறுக மூடிக்கொண்டு முதுகைத் தேய்த்தாள். இறுக்கம் இறங்கும்வரை நர்ஸ் காத்திருந்தாள்.

"ரெண்டாவது சிஸ்டர்" என்றாள் ஃபரா. மூச்சு வாங்கியது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

இரவு இஷா தொழுகைக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. குறுகின வழியில் நெருக்கி வந்ததில் தலை கொஞ்சம் நீண்டு இருந்தது. எலும்புகள் இன்னும் ஒட்டாததால் அப்படி வளைந்து கொடுக்கும், இரண்டு நாளில் உருண்டையாகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். முதல் அழுகை வர ஒரு நொடி தாமதமானது. அந்த ஒரு நொடியில் மெஹர் பானு தனக்குத் தெரிந்த எல்லா துஆக்களையும் ஒன்றாகக் கலந்து ஓதினாள். அழுகை வந்ததும், நீரில் ஊறிக் கிடந்த நுரையீரலில் காற்று நிரம்பி, வெளிறிய உடம்பு மெல்லச் சிவந்தது. தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிள்ளை பாசிட்டிவ்தான்.

நஞ்சுக்கொடி பிரிந்து விழுந்தபோது டாக்டர் அதை இரண்டு கையாலும் தூக்கி, முழுதாக வந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். மெஹர் பானு எத்தனையோ பிரசவத்துக்கு வாசல் வரை போயிருக்கிறாள். இதைப் பார்த்ததில்லை. ஒரு பெரிய தோசைக்கல் அளவு, கருஞ்சிவப்பாக, ஒரு பக்கம் வழுவழுவென்று நரம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"இதான் நீங்க சொன்ன சுவரா டாக்டர்?"

"இதான். வேலை முடிஞ்சிடுச்சு" என்றார் டாக்டர்.

மறுநாளே பிள்ளைக்குக் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. உடைந்த அணுக்களிலிருந்து வருகிற மஞ்சள். கண்ணைக் கட்டி, நீல விளக்குக்குக் கீழே படுக்க வைத்தார்கள். கொஞ்சம் ரத்தமும் ஏற்ற வேண்டியிருந்தது. ஷாகுல் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு நகரவே இல்லை. அத்தாவுல்லா கடையிலேயே மிகச் சிறிய தலையணை ஒன்றை எடுத்து வந்து, பச்சைப் பிள்ளைக்குத் தலையணை கூடாது என்று நர்ஸ் சொன்னதும் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாய்ப்பாலைக் கறந்து கிண்ணத்தில் கொண்டு போவது மெஹர் பானுவின் வேலை. அந்தச் சில சொட்டு மஞ்சள் பாலை அவள் கொண்டுபோன பக்குவத்தைப் பார்த்தால் ஏதோ அத்தர் கொண்டு போகிறாள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

மஞ்சள் இறங்க ஆரம்பித்தது. ஒரு முற்பகல் பிள்ளையை விளக்கிலிருந்து எடுத்து ஃபராவின் மார்பில் போட்டார்கள். அது தேடி, தவறவிட்டு, மறுபடி தேடி, கவ்விக்கொண்டது. இனி பயமில்லை, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மெஹர் பானு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது, அவள் அதை மறைக்கவில்லை.

படுக்கை விரிப்பை மாற்ற வந்த நர்ஸ் பேச்சுக்கொடுத்தாள். "பிள்ளை உங்க சாடைம்மா. உங்களுக்கு எத்தினி பிள்ளைங்க?"

வழக்கம்போல அந்த ஒரு நொடி வந்தது. ஃபரா பிள்ளையிடமிருந்து தலையைத் தூக்கி மாமியைப் பார்த்தாள்.

"மூணு" என்றாள் மெஹர் பானு. "மூத்தவன் வெளிய நிக்கிறான். சின்னவ ஷார்ஜால இருக்கா. நடுவுல ஒண்ணு, அஞ்சு மாசம் இருந்துச்சு."

நர்ஸ் தலையசைத்துவிட்டு விரிப்பின் ஓரத்தை மடித்துச் செருகினாள். ஃபரா பிள்ளையோடு கட்டிலில் கொஞ்சம் தள்ளிப் படுத்து, மாமி உட்கார இடம் விட்டாள்.